மான்செஸ்டர் ‘ஹோம்’: நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரமும் பெற்றோர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்போம். ‘நேத்து சாயங்காலம் எங்கே போயிருந்தீங்க’ என்று யாராவது கேட்பார்கள். ‘ஹோமுக்கு’ என்பேன். உடனே கேள்விகள் வரும். 2015இல் திறந்த இடம் அது. பத்து வருடம் தாண்டியும், ஊருக்குப் புதிதாக வருபவர்கள் மட்டுமல்ல, இங்கேயே வெகுநாளாக இருப்பவர்களும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

“ஹோம்னா என்னக்கா அது? தியேட்டரா, மியூசியமா, ஹோட்டலா?”

எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. சினிமா காட்ட ஐந்து அரங்குகள். நாடகத்துக்கு இரண்டு மேடைகள்: ஒன்றில் ஐந்நூறு பேர் உட்காரலாம், இன்னொன்றில் நூற்றைம்பது பேர். தரைத்தளத்தில் ஓவியம், புகைப்படம், காணொளிக் கலை எல்லாம் வைக்கும் கூடம். இவற்றோடு புத்தகக் கடை, காபி குடிக்க இடம், மாடியில் சாப்பாட்டுக்கு இடம்.

எங்கே இருக்கிறது என்றால், ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் பகுதியில், டோனி வில்சன் பிளேஸ் என்ற திறந்த சதுக்கத்தில். ரயில் பாலத்து வளைவுகளுக்குப் பின்னால், முனைகள் வளைந்த முக்கோணக் கட்டடம். கண்ணாடி முகப்பு என்பதால் இருட்டிய பிறகு உள்ளே நடப்பவர்கள், படியேறுபவர்கள் எல்லாரும் வெளியிலிருந்தே தெரிவார்கள்.

“மல்டிபிளக்ஸ்லயும் படம்தானே போடுறாங்க? இதுல என்ன வித்தியாசம்?”

எந்தப் படம், எத்தனை நாள் என்று முடிவு செய்யும் விதம்தான் வித்தியாசம். பெரிய மல்டிபிளக்ஸில் வெள்ளி, சனி, ஞாயிறு வசூல் ஒரு படத்தின் தலையெழுத்தை எழுதிவிடும். திங்கட்கிழமை காலையில் காட்சிகள் குறையும், அடுத்த வெள்ளியன்று படமே இருக்காது. ஹோம் மாதிரி இடத்தில் படம் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். ஈரானிலிருந்து ஒன்று, ஜப்பானிலிருந்து ஒன்று, ஐம்பது வருடத்துக்கு முந்தைய படம் ஒன்று, உள்ளூர்ப் பெண் எடுத்த ஆவணப்படம் ஒன்று என்று பார்த்துப் பார்த்து மாத நிரலை அமைக்கிறார்கள்.

அரங்குகளின் அளவும் இதற்குத் தோதானது. பெரியதில் 250 பேர் உட்காரலாம். சிறியதில் 40 பேருக்கும் குறைவு. முதல் வாரம் பெரிய அரங்கில் ஓடிய படம், கூட்டம் குறையக் குறையச் சின்ன அரங்குக்கு நகரும். நல்ல படம் என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் கிளம்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகும் அல்லவா, அதுவரைக்கும் படம் திரையில் இருக்கும். ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

“முன்னாடி கார்னர்ஹவுஸ்னு ஒண்ணு இருந்துச்சாமே? அதை மூடிட்டுத்தான் இதைத் திறந்தாங்களா?”

ஆமாம். ஆக்ஸ்ஃபோர்டு ரோடு ரயில் நிலையத்துக்கு அடியில், தெருமுனையில் இருந்ததால்தான் அந்தப் பெயர். 1985இல் திறந்தது. மூன்று சின்னத் திரைகள், மூன்று மாடிகளில் கலைக்கூடம், கீழே காபிக்கடை. நான் 2009இல் இந்த ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்தபோது, மழைக்கு ஒதுங்கி உள்ளே போய்த்தான் அந்த இடம் எனக்குப் பழக்கமானது. குறுகலான படிக்கட்டும், ஜன்னலோர மேசையும், கீழே போய்வரும் பஸ்களும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன.

இந்தக் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. மத்திய நூலகத்தின், அதாவது 1934இல் திறந்த அந்த வட்டக் கட்டடத்தின், நிலவறையில் லைப்ரரி தியேட்டர் என்றொரு நாடகக் குழு 1952 முதல் இயங்கியது. 2010இல் நூலகத்தைப் புதுப்பிக்க மூடியதும் அந்தக் குழு வெளியேறவேண்டி வந்தது. நூலகம் 2014இல் திரும்பத் திறந்தபோது நிலவறையில் நாடக மேடை இல்லை. ஒரு பக்கம் இடம் போதாத சினிமாக்காரர்கள், இன்னொரு பக்கம் இடமே இல்லாத நாடகக்காரர்கள். 2012இல் இரண்டு அமைப்பும் ஒன்றாகின. மாநகராட்சி முன்னின்று, சுமார் 2.5 கோடி பவுண்டு செலவில் புதுக் கட்டடம் எழுந்தது. வடிவமைத்தது நெதர்லாந்தின் மெக்கானூ நிறுவனம். பர்மிங்காம் நூலகமும் அவர்கள் கட்டியதுதான். 2015 மே மாதம் திறப்பு விழா. வீடு போதாத ஓர் அமைப்பும் வீடே இல்லாத ஓர் அமைப்பும் சேர்ந்து குடியேறிய இடத்துக்கு ‘வீடு’ என்று பெயர் வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கார்னர்ஹவுஸை மூடியபோது வருத்தப்பட்டவர்கள் நிறைய. நானும்தான். ஆனால் மூன்று திரை ஐந்தாகி, மேடைகளும் சேர்ந்தன. சக்கர நாற்காலியில் வருபவர் லிஃப்டில் ஏறி எல்லாத் தளத்துக்கும் போக முடிகிறது. என் வார்டில் நாள் முழுக்க நடக்கச் சிரமப்படுகிறவர்களைப் பார்க்கிற எனக்கு அது பெரிய விஷயம்.

“டிக்கெட் வாங்காம சும்மா உள்ள போலாமா? யாராச்சும் என்னன்னு கேப்பாங்களா?”

தாராளமாகப் போகலாம். கலைக்கூடத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கீழே மேசையில் உட்கார்ந்து படிப்பவர்கள், மடிக்கணினியில் வேலை செய்பவர்கள், யாருக்காகவோ காத்திருப்பவர்கள் என்று எப்போதும் ஆள் இருப்பார்கள். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்லி நிறுத்திய அனுபவம் எனக்கு இல்லை.

முடிந்தால் ஒரு காபி வாங்கிக் குடியுங்கள். அந்தக் காபிக் காசு எங்கே போகிறது என்பதைப் பணம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

“அங்க போறதெண்டா நிறையப் படிச்ச ஆக்களா இருக்கவேணுமோ, தங்கச்சி? எனக்கு உந்தக் கலைப்படம் ஒண்டும் விளங்காது.”

இதைக் கேட்டவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகக் கடை நடத்தும் ஓர் அண்ணன். அவருக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமை மதியம், இரவு டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து ஒரு படத்துக்குப் போயிருந்தேன். சின்ன அரங்கு, என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். தொலைந்துபோன ஒரு பையனைப் பற்றிய படம். அவன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நிற்பதோடு முடிந்துவிட்டது. பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே படியிறங்கும்போது, கைத்தடி வைத்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தி, “அவன் உள்ளே போயிருப்பானா, நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டார். போயிருப்பான் என்றேன். “போகமாட்டான், அவன் கையைப் பார்த்தாயா, கதவைத் தட்டுகிற கையா அது?” என்றார். பின்னால் வந்த ஓர் இளைஞன் நின்று, தட்டினான் என்று சாதித்தான். மூன்று பேரும் கீழே வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

அந்தப் பாட்டி நாற்பது வருடம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கையைப் பார்க்கத் தெரிந்தால் போதும் அண்ணே. கடையில் ஒருத்தர் உள்ளே நுழைகிறபோதே என்ன வாங்க வந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கிற உங்களுக்கு விளங்காத படம் இல்லை.

“சப்டைட்டில் படிச்சுக்கிட்டே எப்படிப் படம் பாக்கறது?”

முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும். அப்புறம் படிக்கிறோம் என்பதே மறந்துபோகும். மிகவும் முன்வரிசையில் உட்கார வேண்டாம், கண் மேலும் கீழும் அலையும். நடுவில் அல்லது பின்பாதியில் இடம் எடுங்கள்.

“பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?”

படத்தின் வயதுச் சான்றைப் பார்த்துவிட்டுப் போங்கள். இங்கே யு, பிஜி, 12ஏ, 15, 18 என்று வகைகள் உண்டு. 12ஏ என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெரியவர் ஒருவரோடு வரலாம். 15 என்றால் பதினான்கு வயதுப் பிள்ளையை அப்பா அம்மா கூடவே இருந்தாலும் விடமாட்டார்கள். நம் ஊரில் யுஏ படத்துக்குக் குடும்பமாகப் போன பழக்கத்தில் வந்து, வாசலில் திரும்பிப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் முகம் வாடிப்போகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சான்று தருவது பிரிட்டிஷ் திரைப்படத் தகுதிச் சான்று வாரியம் என்றாலும், ஒரு படத்தை இந்த ஊரில் யார் பார்க்கலாம் என்று முடிவுசெய்யும் கடைசி அதிகாரம் உள்ளாட்சி மன்றத்துக்குத்தான். வாரியத்தின் சான்று இல்லாத படத்தைத் திரையிட மன்றத்தின் அனுமதி கேட்க வழி இருக்கிறது. இது ஏன் முக்கியம் என்பது தமிழ்ப் படத் திரையிடல் பற்றிய கேள்வியில் புரியும்.

“வாசல்ல ஒரு தாடிக்காரர் சிலை நிக்குதே, அவர்தான் டோனி வில்சனா?”

இல்லை, அவர் எங்கெல்ஸ். மார்க்ஸின் தோழர். இருபத்திரண்டாவது வயதில், 1842இல், அப்பாவுக்குப் பங்கு இருந்த பருத்தி ஆலையில் வேலை பார்க்க இந்த ஊருக்கு வந்தவர். மில் தொழிலாளிகள் வாழ்ந்த சந்துகளில் நடந்து நடந்து, கண்ணால் கண்டதைப் புத்தகமாக எழுதினார்.

சிலை இங்கே வந்த கதை தனி. உக்ரைனில் பொல்தாவா பக்கத்துக் கிராமம் ஒன்றில், இடுப்பில் இரண்டாக வெட்டுண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. ஃபில் காலின்ஸ் என்ற கலைஞர் (பாடகர் அல்ல, அதே பெயருள்ள வேறொருவர்) அதைத் தேடிக் கண்டுபிடித்து, லாரியில் ஏற்றி ஐரோப்பாவைக் கடந்து கொண்டுவந்தார். 2017இல் மான்செஸ்டர் சர்வதேச விழாவின்போது ஹோமுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மூன்று மீட்டருக்கு மேல் உயரம். இடுப்பைக் கவனித்துப் பாருங்கள், ஒட்டிய தடம் தெரியும்.

நான் கோயம்புத்தூர்க்காரி. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்து, அசல் மான்செஸ்டருக்கே பிழைக்க வந்தவள். எங்கள் தாத்தா மில் சங்குக்கு எழுந்து வேலைக்குப் போனவர். அந்தச் சிலைக்குக் கீழே பஸ்ஸுக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த வேலை.

டோனி வில்சன் இந்த ஊர்த் தொலைக்காட்சிக்காரர். ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2007இல் காலமானார். அவர் பெயரைத்தான் சதுக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

“பழைய படத்தை ஃபிலிம்லயே ஓட்டறாங்களாம். டிஜிட்டல்ல பாத்தா என்ன குறைஞ்சிடும்?”

கதை ஒன்றும் குறையாது. நல்ல டிஜிட்டல் பிரதி, கீறல் விழுந்த ஃபிலிமைவிடத் தெளிவாகவே இருக்கும். ஆனால் பல பழைய படங்களுக்கு டிஜிட்டல் பிரதியே இன்னும் எடுக்கவில்லை. அவற்றைத் திரையில் பார்க்க 35 மி.மீ. புரொஜெக்டரும் அதை ஓட்டத் தெரிந்த கையும் வேண்டும். அந்த இரண்டையும் விடாமல் வைத்திருக்கும் இடங்களில் ஹோமும் ஒன்று.

வினாடிக்கு 24 படச்சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில், இரண்டு மணி நேரப் படத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஃபிலிம் ஓடும். ஒரு ரீல் சுமார் இருபது நிமிடம். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், ஆப்பரேட்டர் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றுவார். நம் டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர்தான் என்பதால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள், முறுக்கு விற்பவர் மணலில் நம்மைத் தாண்டிப் போவார். அடுத்த தடவை ஃபிலிமில் படம் போட்டால் அந்தப் புள்ளியைத் தேடிப் பாருங்கள்.

“நம்ம தமிழ்ப் படம் போடுவாங்களா?”

பண்டிகைக்கு வெளியாகும் பெரிய நடிகர் படங்கள் இங்கே வராது. அவை மல்டிபிளக்ஸ்களில் நன்றாகவே ஓடுகின்றன. ஹோமில் ‘நாட் ஜஸ்ட் பாலிவுட்’ என்ற தலைப்பில் இந்தியாவின் சுயாதீனப் படங்களைத் தொடராகக் காட்டியிருக்கிறார்கள். ஸ்பானிய மொழிப் படங்களுக்கு ‘விவா’ என்ற விழா கார்னர்ஹவுஸ் காலத்திலிருந்தே உண்டு.

2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் ‘கூழாங்கல்’ என்ற தமிழ்ப் படம் டைகர் விருது வாங்கியது. அந்த மாதிரிப் படங்களுக்கான திரை இது. நூறு நாள் ஓட வேண்டாம், நான்கு காட்சி போதும். ஆனால் அந்த நான்கு காட்சிக்கும் நாம் போயிருக்க வேண்டும். தமிழ்ப் படம் போடவில்லை என்று குறைப்படுபவர்களை நிறையப் பார்க்கிறேன், போட்ட அன்று அவர்களைக் காணோம். இது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

“அப்ப நாமளே ஒரு படத்தைக் கொண்டுபோய்ப் போடச் சொல்ல முடியுமா?”

முடியும், ஆனால் வேலை இருக்கிறது. முதலில் உரிமை. டிவிடி வாங்கி வைத்திருப்பதாலோ, ஓடிடியில் சந்தா கட்டியிருப்பதாலோ பொது இடத்தில் திரையிடும் உரிமை வந்துவிடாது. இந்த நாட்டில் அந்தப் படத்தைத் திரையிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இரண்டாவது, ஆங்கில சப்டைட்டிலோடு டிசிபி, அதாவது அரங்குகளில் ஓடும் டிஜிட்டல் பிரதி. மூன்றாவது, வயதுச் சான்று. சான்று வாங்கப் படத்தின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் ஆகும். ஒரே ஒரு காட்சிக்கு அது கட்டுப்படியாகாது என்றால்தான், பிள்ளைகள் பற்றிய கேள்வியில் சொன்ன உள்ளாட்சி மன்ற வழி.

டிசிபி பூட்டியிருந்தால் கேடிஎம் என்ற சாவி வேண்டும். மின்னஞ்சலில் வரும் சின்னக் கோப்புதான். குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் படத்தைத் திறக்கும். வேறொரு ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு திரையிடல் ஏற்பாடு செய்தோம். சாவியின் நேரத்தை இந்தியக் கணக்கில் குறித்து அனுப்பிவிட்டார்கள். இங்கே மதியம் மூன்று மணிக் காட்சி, சாவியோ இரண்டரைக்கே காலாவதி. அறுபது பேர் உட்கார்ந்திருக்க, நான் வராந்தாவில் சென்னைக்கு ஃபோன் போட்டுக்கொண்டு நின்றேன். அங்கே இரவு எட்டரை. புதுச் சாவி வந்து படம் தொடங்க நாற்பது நிமிடம் ஆனது. அறுபது பேரும் எழுந்து போகாமல் இருந்தார்கள். சாவி வந்ததும் எந்த நாட்டு நேரம் என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அரங்கத்தாரிடம் போகும்போது ‘நல்ல படம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பேர் வருவார்கள், படம் முடிந்து யார் பேசுவார்கள் என்று சொல்லுங்கள். இந்தப் படத்தை ஏன் இந்த ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

“பதினொரு பேருக்குப் படம் ஓட்டினா எப்படிக் கட்டுப்படியாகும்? நம்ம வரிப்பணமா?”

ஒரு பகுதி ஆமாம். ஹோம் ஓர் அறக்கட்டளை, லாபத்தைப் பிரித்துக்கொள்ள முதலாளி கிடையாது. மாநகராட்சியும் இங்கிலாந்துக் கலை மன்றமும் நிதி தருகின்றன. மீதியை டிக்கெட், நாடகம், நன்கொடை, சாப்பாடு, நீங்கள் வாங்கிய அந்தக் காபி இவைதான் ஈடுகட்ட வேண்டும். சனிக்கிழமை நிறைந்த அரங்கு, புதன்கிழமை பதினொரு பேரைத் தாங்குகிறது.

ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். எடின்பரோவில் ஃபில்ம்ஹவுஸ் என்ற அருமையான கலைப்பட அரங்கு, அதை நடத்திய அமைப்பு நொடித்துப்போனதால் 2022 அக்டோபரில் ஒரே நாளில் மூடப்பட்டது. கரன்ட் செலவு ஏறியது, கொரோனாவுக்குப் பிறகு கூட்டம் திரும்பவில்லை. ஊர்மக்கள் பணம் திரட்டிப் போராடி, 2025 ஜூனில்தான் திரும்பத் திறந்தார்கள். நூலகத்துக்கும் பூங்காவுக்கும் வரிப்பணம் போவதில் நமக்கு வருத்தமில்லை அல்லவா? இதையும் நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

“நம்ம ஊர்ல ஏன் இப்படி ஒண்ணு இல்ல?”

இந்தியாவில் இல்லாமல் இல்லை. கொல்கத்தாவில் நந்தன் என்ற திரைப்பட மையம் இருக்கிறது. மேற்கு வங்க அரசு கட்டியது, 1985 செப்டம்பர் 2 அன்று சத்யஜித் ராய் திறந்துவைத்தார், அதன் சின்னத்தை வரைந்ததும் அவரே. கார்னர்ஹவுஸ் திறந்த அதே வருடம். மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம், ரவீந்திர சதன் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். நாடக அரங்கும் கலைக்கூடமும் அக்கம்பக்கத்திலேயே. அதற்குப் பின்னால், ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947இல் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியின் உழைப்பு இருக்கிறது. ஆள் முதலில் சேர்ந்தார்கள், கட்டடம் 38 வருடம் கழித்து வந்தது. கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று அரங்குகள் நடத்துகிறது.

தமிழ்நாட்டில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் எங்கள் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. சென்னையில் ஃபிலிம் சொசைட்டிகள் பல காலமாக உண்டு, 2003 முதல் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடக்கிறது. இல்லாதது நிரந்தர முகவரி. விழா முடிந்ததும் அரங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். மாநகராட்சி ஒன்று முன்வந்து, ஓடாமல் கிடக்கும் ஒரு பழைய தியேட்டரை எடுத்து, நாற்பது இருக்கையில் ஒரு திரையும் ஒரு டீக்கடையும் வைத்தாலே தொடங்கிவிடலாம் என்பது என் எண்ணம். கோவையில் என்றால் லீவு போட்டு நானும் வருகிறேன்.

“சரிக்கா, முதல் தடவை போறேன். எப்படிப் போறது?”

ஆக்ஸ்ஃபோர்டு ரோடு நிலையத்தில் இறங்கிக் கீழே வாருங்கள். முனையில் தெரிவது பழைய கார்னர்ஹவுஸ் கட்டடம். விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்டில் நேராக நடந்து, இடது பக்கம் ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால் எங்கெல்ஸ் நிற்பார். டிராமில் வந்தால் டீன்ஸ்கேட்–காசில்ஃபீல்டு பக்கம். குடை எடுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை மதியம் என்றால் நானும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன்.